வலப்பக்கம் விழுந்த மண்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் குறைபட்டுக்கொள்ளக் கூடாது. ஊரில் என்னை நொட்டாங்கை என்பார்கள். ஒருத்திக்கு இடது கைப் பழக்கம் இருக்கிறது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல இவர்களுக்குத் தெரியவில்லை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது வாக்காளர் பட்டியலில் தூங்குகிறது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள், அதாவது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், என் மாமியாருக்குச் சோறு போட்டேன். கரண்டி இடது கையில் இருந்தது. அத்தை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். பழைய துணி ஒன்றைக் கிழித்து வந்து என் இடது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார்.

"இந்தத் துணி கண்ணுல படும்போதெல்லாம் அந்தக் கை கீழ இருக்கணும்" என்றார். "நொட்டாங்கை வந்த வீடு வெளங்காதுன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது."

ஒரு மாதம் அந்தத் துணியோடு சமைத்தேன். தண்ணீர் பட்டு நாறும், அவிழ்க்க விடமாட்டார். என் வீட்டுக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி சாப்பிட்டுவிட்டுப் போவார். நல்ல மனுஷன்தான், ஆனால் அம்மா எதிரே வாய் திறக்க அவருக்கு முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும்.

அடுப்படியில் நான் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். பரிமாறுவது, சாப்பிடுவது, ஒரு பொருளைக் கொடுப்பது வாங்குவது எல்லாம் வலது கைக்கு மாறியது. வயலில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "வயல்ல என் கை எனக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். ஆச்சரியம், அத்தை சண்டைக்கு வரவில்லை. ஆனால் நான் மண்வெட்டியைத் தூக்கினால் போதும், வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். என் கையைப் பார்க்கக்கூடப் பிடிக்காத அளவுக்கு வெறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். இருக்கட்டும், எனக்கும் அவர் மேல் பாசம் பொங்கி வழியவில்லை.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல். நாற்பது குடும்பத்துக்கு ஒரே வாய்க்கால், அதனால் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள், நாலு மணி நேரம், வாய்க்கால் கரையை ஒரு முழம் அகலத்துக்கு வெட்டித் தண்ணீரை வயலுக்குள் விட்டுக்கொள்ளலாம். அந்த வெட்டுதான் மடை. நேரம் முடிந்ததும் அதே மண்ணை அள்ளிப் போட்டு மடையை அடைத்துவிட வேண்டும். எங்கள் முறை வியாழக்கிழமை பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை. எங்களுக்கு முன்னால், ஏழிலிருந்து பதினொன்று வரை, பாசனச் சங்கத் தலைவருடைய முறை. அவர் வயல் எங்கள் வயலுக்கு மேலே இருக்கிறது.

தலைவர் என்றால் ஐம்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. சங்கக் கொட்டகையில் மாட்டியிருக்கும் கடிகாரத்தில் என்ன மணியோ, அதுதான் ஊருக்கு மணி. கொட்டகைச் சாவி அவர் இடுப்பில். வியாழக்கிழமை காலையில் மட்டும் அந்தக் கடிகாரத்துக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். நாற்பது நிமிஷம் பின்தங்கி ஓடும். பகல் ஒரு மணிக்குள் தானாகக் குணமாகி, மூன்று மணிக்கு டாணென்று எங்கள் மடையை மூட வைத்துவிடும். வாராவாரம் நாற்பது நிமிஷத் தண்ணீர் எங்கள் வாயிலிருந்து பிடுங்கி அவர் வயலுக்குப் போனது. ஊருக்கே தெரியும். ஆனால் உர மூட்டை அவர் கையெழுத்துப் போட்டால்தான் வரும் என்பதால் எல்லாருடைய வாயிலும் கொழுக்கட்டை.

நான் மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை, "உன்னைக் கண்டா கடிகாரத்துக்கே கை கால் ஓடல போலிருக்கும்மா" என்றார். சுற்றி இருந்த ஆம்பளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதில் இன்னொன்று சொல்ல வேண்டும். மடை வெட்டுகிறவர்கள் வயலுக்குள் நின்றுகொண்டு வாய்க்காலைப் பார்த்து வெட்டுவார்கள். வலது கைக்காரர்கள் வெட்டி இழுத்த மண்ணைத் தங்கள் இடப்பக்கம் ஒதுக்குவார்கள். நான் வலப்பக்கம் ஒதுக்குவேன். எங்கள் மடைக்கு இடப்பக்கம் ஓர் எல்லைக்கல், வலப்பக்கம் ஒரு முள்மரம். வேறு யார் வந்து வெட்டினாலும் மண் கல்லுப் பக்கம் கிடக்கும். நான் வெட்டினால் மரத்துப் பக்கம் கிடக்கும். எங்கள் ஊரில் ஒரு வெட்டைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார்கள். என் கையைச் சொல்லக் கண் பார்வைகூடத் தேவையில்லை.

அந்த வியாழக்கிழமை கதிர் பால் பிடிக்கிற நேரம். நெல்லுக்குள் பால் கட்டுகிற அந்த இரண்டு வாரம் வயல் காயக் கூடாது. காய்ந்தால் கதிர் நிமிர்ந்து அழகாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, முழுக்கப் பதர். வருஷத்துக்கு எங்களுக்கு ஒரே ஒரு போகம். அது பதராய்ப் போனால் அடுத்த வருஷம் வரைக்கும் அடுப்பில் பூனைதான் படுத்துக்கொள்ளும்.

அன்றைக்கென்று பார்த்து ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்கு முன்னால் மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துப் படுத்தவர். டாக்டர் வரச் சொன்ன தேதி. காலை எட்டு மணி பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும்போது அத்தையிடம், "பதினொரு மணி பஸ்ல வந்துடறேன். அதுவரைக்கும் வயல்ல உட்காந்து குருவி மட்டும் விரட்டுங்க. மடைப் பக்கம் போக வேணாம்" என்று சொன்னேன்.

பதினொரு மணி பஸ்ஸில்தான் திரும்பினோம். சங்கக் கொட்டகைக்கு எதிரில்தான் பஸ் நிற்கும். இவரைப் பிடித்து மெல்ல இறக்கினேன். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன். அங்கே எங்கள் மடை முன்னால் தலைவர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மடைக்காரர். வாய்க்காலைக் காவல் பார்ப்பது அவர் வேலை, நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம்.

எங்கள் மடை வெட்டப்பட்டிருந்தது. வெட்டின இடத்தில் மண் நிரப்பின உரச் சாக்கு ஒன்றை வைத்து அடைத்திருந்தார்கள். வயலின் ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது.

"என் முறையில என் தண்ணியத் திருடுறியா?" என்றார் தலைவர். சிரிப்பைக் காணோம்.

"யாரு திருடினா? நான் இப்பத்தானே வரேன்!"

"அதை மண்ணுகிட்ட சொல்லு."

பார்த்தேன். வெட்டின மண் முள்மரத்துப் பக்கம் குவிந்து கிடந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. என் கை வெட்டின மாதிரியே இருந்தது. கொஞ்சம் ஆழம் குறைவு, வெட்டும் சின்னச் சின்னதாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இந்த ஊர்ல மம்பட்டிய நொட்டாங்கைல புடிக்கிறது ஒருத்திதான்" என்றார் மடைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. பொய் சொல்கிற ஆள் இல்லை.

"அந்த மண்ண எவனும் தொடக் கூடாது. அதான் சாட்சி" என்று தலைவர் உத்தரவு போட்டார். அன்றைக்கு எங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. புதன்கிழமை சங்கம் கூடும், அங்கே வந்து பேசு என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்தின் சட்டம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்ணீர் திருடின வீட்டுக்கு அந்தப் போகம் முழுக்க முறை கிடையாது.

வரப்பில் அத்தை உட்கார்ந்திருந்தார். "யாரு வந்தா இங்க? பாத்தீங்களா?" என்று கேட்டேன். "குருவிதான் வந்துச்சு" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அந்த ஒரு வாரம் என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். வயலில் முதலில் மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டது. திங்கட்கிழமை விரல் நுழைந்தது. கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி, ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை. கடைத்தெருவில் போனால், "என்னம்மா, கை அரிச்சுதா?" என்று ஒருத்தர் கேட்டார். "உங்க நாக்கு அரிக்கிற அளவுக்கு இல்லண்ணே" என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். செய்யாத தப்புக்கு வாங்கிக் கட்டிக்கொள்வது எரிச்சல்தான். அதைவிட எரிச்சல், அந்தத் தப்பை நான் செய்திருக்கலாமே என்று தோன்றியதுதான்.

அந்த வாரம் முழுக்க அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுவே உறைத்திருக்க வேண்டும். ஒரு நாள் நான் குடத்தை இறக்கி வைத்தபோது, கேட்காமலே தண்ணீர் மொண்டு கொடுத்தார். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

புதன்கிழமை வந்தது. கொட்டகைக்குள் உர மூட்டைகள் மேல் முப்பது ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் மண்வெட்டிகள் சாத்திவைத்திருந்தன. மேலே அந்தப் புண்ணியவான் கடிகாரம். நான் உள்ளே போனேன். அத்தையும் கூடவே வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் கூப்பிடவில்லை.

"உன் வீட்டுக்காரன் வரலையா? ஆம்பளைய அனுப்பு, பேசலாம்" என்றார் தலைவர்.

"அவருக்கு இடுப்புல புடிப்பு. எனக்கு வாய்ல ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு."

பின்னால் யாரோ சிரித்து இருமலாக மாற்றினார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சங்க நோட்டைத் திறந்தார். வியாழக்கிழமை அவர் கையாலேயே எழுதிய புகாரைப் படித்தார். "காலை பத்து நாப்பதுக்குச் சங்கக் கடிகாரம் பாத்துட்டு வயலுக்குப் போனேன். என் முறை முடிய இன்னும் இருவது நிமிஷம் இருந்துது. அப்பவே கீழ் வயல் மடை வெட்டியிருந்துச்சு. மண்ணு முள்மரத்துப் பக்கம் கெடந்துச்சு. மடைக்காரர் சாட்சி."

"எவ்வளவு நேரம் தண்ணி பாஞ்சிருக்கும்?" என்று மடைக்காரரைக் கேட்டேன்.

"ஒரு கால் மணி நேரம் இருக்கும். மூலை மட்டும்தானே நனைஞ்சிருந்துச்சு" என்றார்.

"அப்ப நான் எப்ப வெட்டினேன்னு சொல்றீங்க தலைவரே?"

"எப்பவா? பஸ்ஸ விட்டு எறங்கின, புருஷனை வீட்ல போட்ட, நேரா போய் வெட்டின! நீ பஸ்ஸ விட்டு எறங்கினதை நாங்க எல்லாம் பாத்தோமே!"

"பாத்தீங்கதானே? எல்லாரும் பாத்தீங்கதானே?" நான் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தலையாட்டினார்கள். "எந்த பஸ்ஸு?"

"பதினோரு மணி பஸ்ஸு" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"பதினோரு மணி பஸ்ல வந்து எறங்கின நான், பத்து நாப்பதுக்கு முன்னாடி எப்படி மடை வெட்டினேன்? பறந்து வந்தேனா?"

நான் விடவில்லை. "ஒண்ணு, கடிகாரம் சரி. அப்ப நான் பஸ்ல இருந்தேன், வெட்டல. இல்லேன்னா, நான் வெட்டினேன். அப்ப மணி பதினொண்ணு தாண்டியாச்சு, கடிகாரம் பொய். பதினொண்ணு தாண்டினா அது எங்க முறை, எங்க தண்ணி. ரெண்டுல எது தலைவரே? நீங்களே சொல்லுங்க, எது வேணும்னாலும் எனக்குச் சம்மதம்."

தலைவர் நோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அன்னைக்கு பஸ் சீக்கிரம் வந்திருக்கும்" என்றார்.

அவ்வளவுதான், கொட்டகையே வெடித்துச் சிரித்தது. "நம்ம ஊரு பஸ்ஸா? சீக்கிரமாவா?" என்று ஒருத்தர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உர மூட்டையை மறந்து அவர்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

தலைவர் முகம் கறுத்தது. நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றார். "சிரிங்கப்பா, நல்லா சிரிங்க. மண்ணு மரத்துப் பக்கம் கெடந்துச்சு, அதுக்கு என்ன சொல்றீங்க? பேய் வந்து வெட்டிச்சா? அப்பவே வாசல்ல இருக்கற அந்தப் பெரியம்மாகிட்ட எங்கப்பா சொன்னாரு, வேற எடத்துல பொண்ணு பாருங்கன்னு. நொட்டாங்கை வந்த வீடு வெளங்காது. இப்ப ஊர்த் தண்ணிக்கும் சனி புடிச்சிருக்கு."

என் காது அடைத்துப்போனது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுப்படியில் கேட்ட அதே வார்த்தை.

"ஏண்டா."

வாசற்படியிலிருந்து வந்தது அந்தக் குரல். அத்தை எழுந்து உள்ளே வந்தார். "உன்னை மூக்கு ஒழுகின காலத்துல இருந்து பாக்கறேன். யாரு வீட்டைப் பத்தி பேசற நீ?"

"பெரியம்மா, நீங்க இதுல வராதீங்க..."

"வந்துட்டேன்." மூலையில் இருந்த மண்வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே முற்றத்துக்கு நடந்தார். எல்லோரும் எழுந்து வாசலில் முண்டியடித்துப் பார்த்தோம். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. காலை அகட்டி நின்றார். மண்வெட்டியைத் தூக்கினார். இடது கை முன்னால் போனது. ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, சின்னச் சின்ன வெட்டு, அவ்வளவு ஆழமில்லை. இழுத்த மண் ஒவ்வொரு தடவையும் அவருக்கு வலப்பக்கம் போய் விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"நான்தான் வெட்டினேன்" என்றார் அத்தை. மூச்சு வாங்கியது. "இந்தக் கையோடதான் பொறந்தேன். எங்கப்பா முதுகுக்குப் பின்னாடி கயிறு போட்டுக் கட்டினாரு. ஆறு மாசம். இந்தக் கைக்கு மறந்து போச்சுன்னுதான் நானும் நெனச்சேன். அன்னைக்கு வயல்ல உட்காந்திருந்தேன். பஸ்ஸு வந்துச்சு. என் மகன் எறங்கினதை அங்க இருந்தே பாத்தேன். பதினொண்ணு ஆச்சு, இப்ப மூடுவான் இப்ப மூடுவான்னு உன் மடையவே பாத்துட்டு இருந்தேன். நீ மூடல. கதிரு வாயத் தெறந்துட்டு நிக்குது, எனக்குக் கோவம் வந்துச்சு. பக்கத்து வரப்புல கெடந்த மம்பட்டிய எடுத்தேன். கோவத்துல எந்தக் கை போச்சுன்னு எனக்கே தெரியல. மண்ணு விழுந்ததைப் பாத்துத்தான் தெரிஞ்சுது."

"அப்ப திருட்டை ஒத்துக்கிட்டாச்சு" என்றார் தலைவர் அவசரமாக. "யாரு வெட்டினா என்ன, வீடு ஒண்ணுதான். இந்தப் போகம் முழுக்க முறை கெடையாது. எழுதிட்டேன்."

"எழுது. பஸ் போனதுக்கப்புறம் அது எங்க தண்ணி. எங்க தண்ணிய நான் எடுத்தேன். அதையும் சேத்து எழுது."

யாரும் எங்கள் பக்கம் பேசவில்லை. யாரும் அவர் பக்கமும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். முடியவில்லை. "ஒரு மாசம் என் கையில துணி கட்டினீங்களே அத்தை" என்று கேட்டேன். "கட்டினா எப்படி இருக்கும்னு தெரிஞ்சும் கட்டினீங்களே. ஒரு வாரமா ஊரே என்னைக் காறித் துப்பிச்சு. அதையும் பாத்துட்டு சும்மா இருந்தீங்களே!"

அத்தை நடந்துகொண்டே இருந்தார். வீட்டு வாசல் வந்ததும் நின்றார்.

"சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார். "அறுவது வருஷமா மறைச்சது. நீ வந்த அன்னைக்கு, ஊரு பேசும்னுதான் கட்டினேன், அது நெஜம். ஆனா அப்புறம் நீ வயல்ல என் கை எனக்குன்னு சொன்ன. எனக்கு அப்படிச் சொல்லத் தோணவே இல்ல பாரு. நீ வெட்டுறதைப் பாக்க முடியல. பொறாமைடி. வேற ஒண்ணும் இல்ல."

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷம் ஒரு வார்த்தையில் கரைந்துபோக நான் ஒன்றும் சர்க்கரை இல்லை. ஆனால் அன்றைக்குச் சோறு போடும்போது அத்தை கரண்டியை இடது கையில் எடுத்தார். சோறு பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது. என் வீட்டுக்காரர் அம்மா கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முன்கூட்டி மனுக் கொடுக்காமலே முதல் தடவையாக வாய் திறந்தார். "நாளைக்கு ரெண்டு பேருமா போறீங்க?"

"பின்னே?" என்றேன்.

"எனக்கு மட்டும் இடுப்பு சரியா இருந்தா..."

"இருந்தா நீ மண்ண வலப்பக்கம் தள்ளிடுவியா? படு" என்றார் அத்தை.

வியாழக்கிழமை பத்தரைக்கெல்லாம் நாங்கள் மடையில் இருந்தோம். ஆளுக்கு ஒரு மண்வெட்டி. வெடிப்பில் இப்போது பாதி கை நுழைந்தது. கதிரைக் கிள்ளிப் பார்த்தேன். பால் இன்னும் வற்றவில்லை, ஆனால் இன்றைக்குத் தண்ணீர் வராவிட்டால் அடுத்த வியாழன் வந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும், எதிர்க்கரையில் குந்தியிருந்த மடைக்காரருக்கும் தெரியும். எங்களைத் தடுத்து நிறுத்துவதுதான் அன்றைக்கு அவர் வேலை. மேல் வயலில் தலைவர் மடை அகலமாகத் திறந்திருந்தது. தண்ணீர் எங்கள் பக்கம் வராமலே அங்கே திரும்பிக்கொண்டிருந்தது.

"வேணாம்மா" என்றார் மடைக்காரர். "முறை இல்லாத மடைய வெட்டினா நான் ஆள் கூப்பிடணும். என் பொழப்பைக் கெடுக்காத."

"கூப்பிடுங்கண்ணே. பஸ் வரட்டும், வெட்டுவேன். ஊரே வந்து நின்னாலும் வெட்டுவேன். என் கைய வெட்டினா அத்தை வெட்டுவாங்க."

"ஆமா" என்றார் அத்தை.

பக்கத்து வயல்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். நாலு பேர் வரப்புக்கே வந்துவிட்டார்கள். உதவிக்கு வந்தார்களா, வேடிக்கைக்கு வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நேரமில்லை. ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. பதினொரு மணி பஸ் கொட்டகை முன்னால் நின்று, புகை விட்டு, கிளம்பிப் போனது.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என் கையைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

வெட்டினோம். உரச் சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தோளோடு தோள் நின்று, ஒரே கரையில் இரண்டு பேரும் வெட்டினோம். மண் முள்மரத்துப் பக்கம் போய்க் குவிந்தது. மடை ஒரு முழம் திறந்துவிட்டது, தண்ணீர்தான் வரவில்லை. மேல் மடை திறந்திருக்கிற வரைக்கும் எங்கள் மடைக்குக் கசிவுதான் வரும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேல் வயலுக்கே போய் அவர் மடையை மூடிவிடுவது என்று கரை ஏறினேன்.

எனக்கு முன்னால் மடைக்காரர் நடந்துகொண்டிருந்தார். நேராகத் தலைவர் மடைக்குப் போனார். நாலு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு அதை அடைத்தார். காலால் மிதித்து இறுக்கினார். வரப்பில் நின்றவர்களைப் பார்த்து, சத்தமாக, "பஸ் போயிடுச்சு. மேல் வயல் முறை முடிஞ்சுது" என்றார். அவர்களில் ஒருத்தர், "ஆமா, நாங்களும் பாத்தோம்" என்றார். பக்கத்தில் இருந்தவரும் ஆமாம் என்றார்.

வாய்க்கால் நிறைந்து வந்தது. எங்கள் மடையில் தண்ணீர் நுழைந்து, வெடிப்புகளுக்குள் களகளவென்று இறங்கியது. வெடிப்பு குடித்து முடித்த பிறகுதான் மேலே பரவியது. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள்ளேயே நின்றார். கணுக்கால் வரை தண்ணீர். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

தலைவர் வண்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. "முறையே இல்லாத மடைய எவ வெட்டினது?" என்று கத்தினார். "உன்னைத்தான் கேக்கறேன்! எவ வெட்டினது?"

மண்வெட்டியை இடது கையில் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"பாத்தா தெரியலையா தலைவரே? மண்ணு எந்தப் பக்கம் கெடக்குன்னு பாருங்க."